கப்பலோட்டியும் கக்கூசு ரப்பரும்

ஏலே மருமவனே, மலேசியாவுல லங்காவித் தீவுல பழைய பாய்ப்படகு ஒண்ணை நீயும் ஒன் கூட்டாளியும் சேந்து வாங்கிட்டியளாம். சந்தோசம். வ.உ.சி. 1906-ல கம்பெனி வச்சுக் கப்பல் விட்ட ஊர்ல பொறந்துட்டு, ஒரு படகாவது வாங்கலேன்னா எப்பிடி? போட்டோ அனுப்புன. சுக்கானப் பிடிச்சுக்கிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு நிக்க. நல்லாத்தான் இருந்துது. மறுநா ராத்திரி பதினோரு மணிக்குப் போன். "மாமா, டாய்லெட் பம்பு இறுகிப் போச்சு. கிண்ணத்துல தண்ணி தானா ஏறுது. என்ன செய்ய?"

கப்பலோட்டி வந்து நின்ன எடத்தப் பாத்தியா?

சரி, தண்ணி ஏறுது. நீ என்ன செஞ்ச? குனிஞ்சு பாத்தியா? எங்க பாத்த! மூடிய மூடிட்டு, போனைத் தடவுன. இங்கிலாந்துல இருந்து ரப்பர்ப் பொட்டலம் ஒண்ணுக்கு ஆர்டர் போட்ட. பொட்டலத்து வெலையக் காட்டிலும் அது பறந்து வார கூலி ஒசத்தி. சுண்டைக்கா கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்னு ஒங்க ஆச்சி சொல்லும்போது கெக்கெக்கேன்னு சிரிச்சியே, இப்ப சிரி. பொட்டலம் வந்து சேர பத்து நாளு ஆவும். அதுவரைக்கும்? காலையில பக்கத்துப் படகுக்காரன் வாசல்ல போயி நிக்க. குளிக்கப் போற மாதிரி தோள்ல ஒரு துண்டு வேற.

ஒன் கூட்டாளி ஒனக்கு மேல. கைப்பம்பைக் கழத்தி எறிஞ்சிட்டு கரண்டு டாய்லெட் போட்டுருவோம்னு சொல்லுதானாம். பொத்தான அமுக்குனா அதுவே அரைச்சு அனுப்பிருமாம். நான் கேக்கேன், கையால அடிக்கிற பம்பையே கழத்தத் தெரியாதவனுக்கு, கரண்டுல அரைக்கிற பம்பு எதுக்குலே? கையால அடிக்கிறதுல ஒரு வசதி உண்டு. உள்ள எதாவது சிக்குனா கைக்குத் தெரியும். நிப்பாட்டிருவ. மோட்டாருக்கு அந்தக் கூறு கெடையாது. அது பாட்டுக்கு முக்கும். முக்கி முக்கி பியூசு போவும். அப்பறம் ராத்திரி ஒரு மணிக்கு டார்ச்சைப் பல்லுல கடிச்சுக்கிட்டு நீ முக்கணும்.

சிரிக்காத. இந்தச் சாமானுக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. கக்கூசுங்கோம்லா, அந்தச் சொல்லே கப்பல்ல வந்து எறங்குனதுதான். 1658-ல போர்த்துக்கீசியன்கிட்ட இருந்து நம்ம தூத்துக்குடியப் பிடிச்சான் டச்சுக்காரன். அவன் பாசையில அது 'காக்ஹொய்ஸ்'. 'ஹொய்ஸ்'னா வீடு. முன்பாதிக்கு என்ன அர்த்தம்னு எந்தப் பச்சப்புள்ளையக் கேட்டாலும் சொல்லும். அவன் முத்தும் போச்சு, சங்கும் போச்சு, அதிகாரமும் போச்சு. இந்தச் சொல்லு மட்டும் போவல.

இங்கிலீஷ்காரன் கூத்து அதுக்கும் மேல. கப்பல் கக்கூசுக்கு அவன் வச்ச பேரு 'ஹெட்'. தலை! ஏன்னு கேளு. பாய்க்கப்பலுக்குக் காத்து பெரும்பாலும் பின்னால இருந்து அடிக்கும். பின்னால உக்காந்தா நாத்தம் கப்பல் பூரா வரும். அதனால சாதாரணக் கப்பக்காரன் எல்லாம் முன்னால அணியத்துக்குப் போன்னுட்டான். அணியம்தான கப்பலுக்குத் தலை? கேப்டனுக்கு மட்டும் பின்னால தன் அறையை ஒட்டித் தனியா ஒண்ணு. அதுலயும் மேலு கீழு பாத்துட்டான் பாத்தியா!

நாங்க தோணியில போன காலத்துல தலையும் கெடையாது, வாலும் கெடையாது. கயித்தப் பிடி, கடலப் பாத்து உக்காரு, சோலி முடிஞ்சுது. உதிரிபாகம் ஒண்ணே ஒண்ணு, அந்தக் கயிறு. அது மட்டும் நல்ல கயிறா இருக்கணும்.

அப்பறம்தான் கப்பல்ல பிட்டரா போயி, கடைசியில லங்காவியில ஒரு படகுப் பட்டறையில வந்து ஒதுங்குனேன். 1987-ல அந்தத் தீவை வரி இல்லாத தீவா ஆக்குனாவ. சாமானுக்குச் சுங்கம் கெடையாதுன்னா சும்மா விடுவானா? ஊரு ஊரா சுத்துத வெள்ளக்காரன் எல்லாம் படகைக் கொண்டாந்து கட்டுனான். எப்பேர்ப்பட்ட படகு! ஆகாசத்துல பேசுத போன் இருக்கு. கடத்தண்ணியக் குடிதண்ணியாக்குத மிசினு இருக்கு. ஐஸ்கட்டி போட தனியா ஒரு பொட்டி இருக்கு. ஆனா பாதிப் பேரு என்னத் தேடி வந்தது ஒன்ன மாதிரிதான், தோள்ல துண்டோட.

அங்க கத்துக்கிட்டதச் சொல்லுதேன், கேளு.

நம்ம தெருமுனையில அடிபம்பு ஒண்ணு நின்னுதே, ஞாபகம் இருக்கா? அதுல தண்ணி ஏறலேன்னா ஒங்க அப்பன் என்ன செஞ்சான்? சீமைக்கு ஆர்டர் போட்டானா? கழத்துனான், தோல் வாசரு மாத்துனான், மூடுனான். படகுக் கக்கூசும் அதே அடிபம்புதான். அங்க நின்னுக்கிட்டு அடிச்ச, இங்க உக்காந்துக்கிட்டு அடிக்க.

முக்காவாசிப் படகுல ஜாப்ஸ்கோ மாதிரி கைப்பம்பு வச்ச கிண்ணம்தான் இருக்கும். கடத்தண்ணி உள்ள வார குழாய் முக்கா இஞ்சு. வெளிய போறது ஒண்ணரை இஞ்சு. நடுவுல சிலிண்டரு. அதுக்குள்ள பிஸ்டன், அதைச் சுத்தி ஒரு ரப்பர் வளையம். கம்பி மேல எட்டிப் பாக்குத எடத்துல ஒரு சீலு. மேல ஒரு தட்டை ரப்பரு, கீழ ஒரு தட்டை ரப்பரு. கீழ உள்ளதுல கதவு மாதிரி ஒரு மடக்கு, அது மேல ஒரு சின்னக் கனம். கடைசியா, வெளிய போற வாசல்ல வாத்து மூக்கு மாதிரி ஒண்ணு. அதுக்குப் பேரு ஜோக்கர் வால்வு. பேரு வச்சவன் நல்லா இருக்கணும். கக்கூசுக்குள்ள இருந்துக்கிட்டு நம்மளப் பாத்துச் சிரிக்கது அதுதான்.

சவம், இவ்வளவுதாம்லே மொத்தமே. அஞ்சு ரப்பரு. இதுக்கா ராத்திரி பதினோரு மணிக்குப் போன்?

கம்பி ஓரமா சொட்டுச் சொட்டாக் கசிஞ்சா மேல உள்ள சீலு போச்சு. கைப்பிடி இறுகுனா உள்ள வறண்டு கெடக்கு, இல்லேன்னா குழாய்ல உப்புக் கட்டியிருக்கு. நீ சும்மா இருக்கும்போது கிண்ணத்துல தண்ணி ஏறுனா, நிறத்தப் பாரு. தெளிஞ்ச தண்ணியா இருந்தா கடல்ல இருந்து வருது. உள்ள வார பக்கத்து ரப்பரு மூடல. கலங்கலா இருந்தா, நான் வேற சொல்லணுமா? அனுப்புனது திரும்பி வருது. ஜோக்கர் வாயை மூடல. நீதான் மூடியப் போட்டு மூடிட்டு ஓடுனவனாச்சே, ஒனக்கு நிறம் எங்க தெரியப் போவுது?

கழத்துததுக்கு முன்னால கடல் வால்வு ரெண்டையும் அடை. இதச் சொல்லணுமான்னு கேக்காத, சொல்லணும். அப்பறம் தரையில பழைய பேப்பர விரி. கழத்துத சாமான கழத்துன வரிசையிலயே வை. தலைய மேல, வாலக் கீழ. தெரியலேன்னா போன்ல போட்டோ எடு, அந்தப் போனுக்கு ஒரு வேலையாவது ஆவட்டும். திரும்ப மூடும்போதுதான் கூறுகெட்டவன் எவன்னு தெரியும். அந்தத் திருகு எல்லாம் பிளாஸ்டிக்குக்குள்ள போறது. வச்ச வாக்குல வலப்பக்கமா முறுக்குனா புதுசா மரை வெட்டி, பழசையும் சேத்துக் கெடுத்துரும். முதல்ல இடப்பக்கமா பைய திருப்பு. 'டக்'குன்னு ஒரு பள்ளத்துல எறங்கும். விரலுக்குத் தெரியும். அங்க இருந்து வலப்பக்கம் முறுக்கு. ரப்பரு நெரியுத அளவுக்கு மட்டும் முறுக்கு, ஒன் வீரத்தக் காட்டாத. இந்த ஒரு 'டக்'கு தெரியாம எத்தன முழுப் பம்பு குப்பைக்குப் போயிருக்கு தெரியுமா?

இப்ப காசு விசயத்துக்கு வாரேன். அதுக்குத்தான காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்க.

படகுச் சாமான் கடையில போயி வளையம் கேட்டுப் பாரு. அட்டையில குத்தி, மேல கண்ணாடித் தாள் ஒட்டி, நங்கூரப் படம் போட்டுத் தொங்கும். அதே வளையம் லங்காவிக் குவா டவுன்ல ஹைட்ராலிக் சாமான் விக்கித சீனத் தவுக்கே, அதான் மொதலாளி, கடையில, பிஸ்கட் டப்பாக்குள்ள கெடக்கும். ஒரு தே தாரிக் டீ குடிக்கித காசுக்கு ரெண்டு மூணு எண்ணிக் குடுப்பான். மிச்சக் காசெல்லாம் அந்த நங்கூரப் படத்துக்குத்தாம்லே. ஒரு ஆஸ்திரேலியாக்காரன்கிட்ட இதச் சொன்னேன். "அது மெரைன் கிரேடு ஆச்சே"ன்னான். உப்புத்தண்ணிக்கு நங்கூரப் படத்தக் கண்டா பயமான்னு கேட்டேன். பதிலக் காணும்.

ஆனா அளவு எடுக்கத் தெரியணும். நீ என்ன செய்வ? பழைய வளையத்தக் கொண்டு போயி, "அண்ணே இதே மாதிரி"ம்ப. பழசு தேஞ்சு கெடக்கும், இல்லேன்னா ஊதிக் கெடக்கும். அதுக்குச் சோடி வாங்கிட்டு வந்தா, புதுசும் பழசு மாதிரியே ஒழுவும். வளையம் உக்காருத பள்ளத்தையும் அளந்துக்க. உள்வட்டம் எவ்வளவு, தடிமன் எவ்வளவு, ரெண்டையும் வெர்னியர்ல பாத்துக் குறிச்சுக்க. நைட்ரைல் ரப்பரா கேளு. தட்டை ரப்பரு ரெண்டுக்கும் நைட்ரைல் சீட்டு வாங்கி, பழசை மேல வச்சுக் கோடு போட்டு, கூரான பிளேடால வெட்டு. ஓட்டையக் கத்திரிக்கோல் முனையால குத்திக் கிழிக்காத. ஓட்டை போடுத 'பஞ்ச்' உளிய வச்சு அடி. அந்தச் சின்னக் கனத்த எடுத்துப் புதுசுல மாட்டு. ஒரு சாயங்காலச் சோலி.

அதுக்காக எல்லாத்துலயும் கஞ்சத்தனம் பாக்கச் சொல்லல. ஜோக்கர் வால்வுல நானே பாத்து, நானே பட்டேன். வாத்து மூக்குதான, சைக்கிள் டியூப வெட்டி ஒட்டிருவோம்னு ஒரு தடவ செஞ்சேன். பகல் பூரா நல்லாத்தான் அடிச்சுது. படகுக்காரன் என் முதுகுல தட்டிக் குடுத்தான். மறுநாக் காலையில அதே கை வேற எடத்துல தட்டிருக்கும், நான் வெரசா நடந்துட்டேன். அந்த மூக்குல கீறல் மூடுத விதமே தனி. அச்சுல வார்த்தாத்தான் வரும். அத மட்டும் நங்கூரப் படத்தோடயே வாங்கு. ஒண்ணுக்கு ரெண்டா வாங்கு. வருசத்துக்கு ஒருக்கா மாத்து. மாத்தும்போது மூக்கு, தண்ணி போற பக்கம் பாத்து நிக்கணும். திருப்பிப் போட்டுட்டு, பம்பு கெட்டுப் போச்சுன்னு வந்தவன் ஒரு கப்பல் கேப்டன். பேரச் சொல்ல மாட்டேன், பாவம்.

இன்னொண்ணும் பாத்துக்க. சிலிண்டர் உள்சுவரே கீறிப் போயிருந்தா எந்த வளையமும் நிக்காது. அப்ப முழுப் பம்பா வாங்கிரு. கிட்டு ஒண்ணு, பிஸ்டன் ஒண்ணு, சீலு ஒண்ணுன்னு தனித்தனியா வாங்குன சீட்டையெல்லாம் கூட்டிப் பாத்தா, சில நேரம் முழுப் பம்பு வெலையத் தொட்டுக்கிட்டு நிக்கும். கூட்டிப் பாக்க யாருக்கு நேரம் இருக்கு?

கடல் வால்வு இருக்கே, படகு வயித்துல ஓட்டை போட்டு மாட்டியிருக்கது, அதுல மட்டும் வெளையாடாத. ஹார்டுவேர் கடையில பளபளன்னு பித்தளை வால்வு மலிவாக் கெடைக்கும். வீட்டு மாடித் தொட்டிக்கு அது போதும். உப்புத்தண்ணி பித்தளையில இருக்க துத்தநாகத்தக் கொஞ்சங் கொஞ்சமாத் தின்னுரும். செம்பு மட்டும் மிஞ்சி, இளஞ்சிவப்பா, பிஸ்கட் மாதிரிப் பொரிஞ்சு கெடக்கும். ஒரு நா கையோட வரும். பின்னாலயே கடலும் வரும். வெண்கலம் வாங்கு. பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் வித்தியாசம் ஒங்க ஆச்சிக்குத் தெரியும், பாத்திரக் கடையில தட்டிப் பாத்தே சொல்லுவா. பக்கத்துலயே, வால்வு போனா ஓட்டைய அடைக்க, ஒரு மர ஆப்பக் கயித்துல கட்டித் தொங்க விடு. அதுதான் படகுலயே மலிவான உதிரிபாகம்.

குழாய் ஒரு எடத்துல மேல ஏறி வளஞ்சு எறங்கும் பாரு, கடல் மட்டத்துக்கு மேல. அத அழகுக்குப் போட்டிருக்குன்னு நெனச்சுக் கழத்திராத. கிண்ணம் கடல் மட்டத்துக்குக் கீழ இருந்தா, தண்ணி தானா உறிஞ்சிக்கிட்டு உள்ள வரும். அத அத்து விடுதது அந்த வளைவு உச்சியில இருக்க சின்னக் காத்து வால்வுதான். அதுல உப்பு அடைச்சா கதை முடிஞ்சுது. மாசத்துக்கு ஒருக்கா கழத்தி நல்லதண்ணியில அலசு.

பயமுறுத்துதேன்னு நெனக்கியா? ஜெர்மன்காரன் நீர்மூழ்கி ஒண்ணு, யு-1206. கடலுக்கு அடியில ஆழத்துல இருக்கும்போதே வெளிய தள்ளுத மாதிரி கக்கூசு வச்சிருந்தான். அத இயக்க தனியா ஆளப் பழக்கணும், அம்புட்டு வால்வு. 1945 ஏப்ரல் 14, ஸ்காட்லாந்துல பீட்டர்ஹெட் பக்கத்துக் கடல். கக்கூசுல கோளாறாகி கடல் உள்ள வந்துட்டு. கீழ இருந்த பேட்டரியில உப்புத்தண்ணி பட்டதும் குளோரின் வாயு. மூச்சு முட்டி மேல வந்தாவ. மேல விமானம் காத்துக்கிட்டு இருந்துது. கப்பல் போச்சு. சண்டைக்குன்னு வந்த கப்பலு கக்கூசுக்குத் தப்பல. ஒன் கூட்டாளி பொத்தான் வச்சது வேணும்னு சொன்னா, இதச் சொல்லு.

அதே குளோரின ஒன் படகுலயும் உண்டாக்கலாம், வெகு சுளுவா. உப்புக் கட்டியக் கரைக்க ஆசிட்ட ஊத்திட்டு, நாத்தம் போவ பிளீச்சிங் தண்ணிய மேல ஊத்து, போதும். ரெண்டையும் சேக்காதலே, மூதி. சேக்கவே சேக்காத. மூத்திரமும் கடத்தண்ணியும் சேந்தா குழாய்க்குள்ள சுண்ணாம்பாப் படியும். வெத்தலைக்குப் போடத்தான் ஆவாது. கொஞ்சங் கொஞ்சமா ஒண்ணரை இஞ்சு ஒரு இஞ்சாவும், அப்பறம் பேனா நுழையுத ஓட்டையாவும். மாசத்துக்கு ரெண்டு தடவ வெள்ளை வினிகர அடிச்சு, ராத்திரி பூரா அப்பிடியே நிக்க விடு. காலையில தண்ணி அடி. மளிகைக் கடையில வாங்குத வினிகர் போதும், டப்பாவுல மலைக்காத்து வாசம் போட்டு விக்கது வேண்டாம்.

அப்பறம் ஒன் பம்படிக்கித லட்சணம். மூணு தடவ அடிச்சிட்டு முகத்தச் சுளிச்சிக்கிட்டு ஓடி வார. ஒண்ணரை இஞ்சுக் குழாயில ஒரு மீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல நிக்கும். ஒன் குழாய் மூணு மீட்டர்னா கணக்கப் போடு. நீ அனுப்புனது பாதி வழியில உக்காந்து சுண்ணாம்பு கட்டிக்கிட்டு இருக்கு. எண்ணிப் பொறுமையா அடி. அவசரமா போயி எந்தக் கோட்டையப் பிடிக்கப் போற?

நாலு நா கழிச்சுப் படகுக்கு வந்து முதல் அடி அடிச்சதும் அழுவுன முட்டை நாத்தம் அடிக்கும். நீ என்ன நெனப்ப? கூட்டாளிய நெனப்ப. அவன் ஒன்ன நெனப்பான். ரெண்டு பேரும் காரணம் இல்ல. உள்ள வார குழாய்ல கடத்தண்ணி தேங்கி, அதுல இருந்த பொடி உசுரெல்லாம் செத்து அழுவுன வாடை. கரைக்குப் போறதுக்கு முன்னால கடைசியா, உள்ள வார கடல் வால்வ அடைச்சிட்டு, அந்தக் குழாய் வழியா நல்லதண்ணிய உறிஞ்ச விட்டு அடிச்சிட்டுப் போ. அப்பறமும் அறையே நாறுச்சுன்னா, சுடுதண்ணியில நனைச்ச துணியால குழாய வெளிப்பக்கம் தொட. துணி ஆறுனதும் மோந்து பாரு. துணி நாறுனா குழாய்ச் சுவருக்குள்ளயே ஊறிப் போச்சு, மாத்து. மோந்து பாக்கச் சொன்னா மூஞ்சி சுருங்குது பாரு! வாங்கும்போது யோசிச்சிருக்கணும்.

பிஸ்டனுக்கு சிலிகான் கிரீஸ் தடவு. தேங்காண்ணெய் ஊத்துனா போதும்னு எவனாவது சொல்லுவான். ஊத்து, ஒரு வாரம் வழுக்கும், அப்பறம் கழுவிக்கிட்டுப் போயிரும். கிண்ணத்துல ஈரத்துடைப்புக் காகிதம், பஞ்சு, சிகரெட்டுத் துண்டு ஒண்ணும் போடாத. வாய் வழியாப் போவாத எதுவும் அந்த வழியா போவக் கூடாது. கட்டியிருக்க எடத்துல, துறைமுகத்துக்குள்ள, கடலுக்குத் தள்ளாத. தொட்டியில பிடிச்சு வை. பெரிய கப்பலுக்கே அரைக்காதத 12 கடல் மைலுக்கு அங்கிட்டுதான் விடணும்னு சட்டம். நீ என்ன, மத்தவன் குளிக்கித தண்ணியிலயா விடுவ?

போன மாசம் ஒரு வெள்ளக்காரன் வீடியோ அனுப்புனான், பழைய பழக்கம். தண்ணியே வேண்டாத கக்கூசு வாங்கிட்டானாம். மூத்திரம் தனியா, மத்தது தனியா. மத்தது மேல ஒரு பொடியப் போட்டுக் கிண்டணுமாம். வாடையே வராதாம், அற்புதமாம், இயற்கையாம். அது என்ன பொடின்னு உத்துப் பாத்தேன். தேங்கா நார்த்தூளு! பொள்ளாச்சியில கயித்து ஆலைக்குப் பின்னால மலையாக் குமிஞ்சு கெடந்துதே, அதேதான். அமுக்கிக் கட்டியாக்கிக் கப்பல் ஏத்துதாவ, அவன் கடல் நடுவுல உக்காந்து காசு குடுத்துக் கிண்டுதான். ஆனா ஒண்ணு சொல்லணும். அதுல ஜோக்கர் வால்வு கெடையாது. எனக்கே அவன் மேல கொஞ்சம் மரியாதை வந்துட்டு.

ஒனக்கு அதெல்லாம் வேண்டாம். இருக்கத ஒழுங்கா வச்சுக்க. இங்கிலாந்துப் பொட்டலம் வரட்டும், வந்தா பத்திரமா எடுத்து வை, அந்த ஜோக்கர் உதவும். நாளைக்குக் காலையில வாடை பாக்காம பம்பைக் கழத்து. அளவு எடு. வளையத்த எடுத்துக்கிட்டு குவாவுக்குப் போ. தவுக்கே வயசானவன், நல்ல மனுசன், அளவு தப்பா இருந்தா அவனே திருத்திக் குடுப்பான். ஆனா அந்த ஆளு எதக் குடுத்தாலும் முதல்ல மூக்குக்கிட்ட கொண்டு போயிப் பாப்பான். அதனால நல்லாக் கழுவிட்டுக் கொண்டு போ மருமவனே.